பின் எக்ஸலில் நிற்காத கியர் எண்ணெய்க் கசிவு: ஒரு கெம்பாராவின் நிகழ்வு ஆய்வு

வண்டி 2002-ஆம் ஆண்டின் பெரோடுவா கெம்பாரா. 1.3 லிட்டர் இன்ஜின், மேனுவல் கியர். இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வடிகிறது, ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை, ஆயில் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்பது புகார். வண்டிக்காரர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். தினமும் கொஞ்ச தூரம் தார்ச்சாலை, அப்புறம் தோட்டத்துச் செம்மண் பாதை. பேராக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சாயங்கால மழை வெளுத்து வாங்கும். அப்போது அந்தப் பாதையின் பள்ளங்களில் தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு ஏறிவிடும். அதில் இறங்கி ஏறித்தான் ஆபீசுக்குப் போக வேண்டும், வேறு வழி கிடையாது.

“வேற பட்டறையில ரெண்டு தடவ சீல் மாத்தியாச்சு அண்ணே. பிரேக் ஷூவும் புதுசு. வெயில் காலத்துல ஒண்ணும் தெரியல. மழை தொடங்குனா மறுபடியும் ஒழுகுது” என்றார்.

மழை தொடங்கினால் என்று அவர் சொன்னதில்தான் விஷயமே இருந்தது. சீல் தரம் குறைந்தது என்றால் வெயிலிலும் ஒழுக வேண்டும், மழையிலும் ஒழுக வேண்டும். காலத்தைப் பார்த்து ஒழுகுகிறது என்றால் சீலுக்கு வெளியே ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. அது என்ன என்று தெரியாமல் மூன்றாவது சீலை அடித்து அனுப்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கெம்பாராவின் அமைப்பு தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். டைஹாட்சு டெரியோஸை அடிப்படையாகக் கொண்டு பெரோடுவா 1998-இல் இறக்கிய வண்டி இது. நான்கு சக்கரங்களுக்கும் எந்நேரமும் இழுவிசை போகும். வளைவில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று. நடுவில் இருப்பதை டாஷ்போர்டு பொத்தானால் பூட்டிக்கொள்ளலாம். பின்பக்கம் பழைய முறைப்படி ஒரே கூடாக நீண்ட எக்ஸல் (சக்கர அச்சு), அதற்குள் பக்கத்துக்கு ஒரு தண்டு, இரு முனையிலும் டிரம் பிரேக். பின் டிஃபரன்ஷியலில் கிரௌன் வீல் என்ற பெரிய பற்சக்கரம் சுற்றும்போது கியர் எண்ணெயை வாரித் தெறிக்கும். அந்த எண்ணெய் இருபக்க எக்ஸல் குழாய் வழியாகச் சக்கரம் வரை போகும். குழாய் முடியும் இடத்தில் ஒரு ஆயில் சீல். சீலைத் தாண்டினால் பிரேக் டிரம். அதனால் இந்த வண்டியில் அந்தச் சீல் ஒழுகினால் தரையில் விழும் இரண்டு சொட்டோடு விஷயம் முடிவதில்லை. பிரேக் போய்விடும்.

எது ஒழுகுகிறது

சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அது கியர் எண்ணெய்தான் என்று முடிவு கட்டக் கூடாது. பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயிலும் அதே இடத்தில்தான் வடியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். டிரம்மின் உள்பக்கத்தை மூடும் பேக் பிளேட்டின் அடியில் திரண்டு நின்ற சொட்டை ஒரு குச்சியில் எடுத்துத் தண்ணீரில் விட்டேன். பிரேக் ஆயில் கிளைகால் வகை, தண்ணீரோடு கரைந்து காணாமல் போகும். இது கரையவில்லை. மேலே வந்து கண்ணாகப் படர்ந்து மிதந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தால் கந்தக நாற்றம். கியர் எண்ணெயில் பல்லுக்குப் பல் உரசாமல் காக்கச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் மருந்துகளின் வாசனை அது. ஒரு முறை மூக்கில் ஏறினால் மறக்காது. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டமும் குறையவில்லை. ஆக, கியர் எண்ணெய்.

எங்கிருந்து என்பது அடுத்த கேள்வி. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும், சுழலும் பாகம் சுற்றிலும் வீசும். சொட்டு விழும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறொன்று. டிஃபரன்ஷியலின் மூக்கில், இன்ஜினிலிருந்து வரும் தண்டு நுழையும் இடத்தில் இருக்கும் பினியன் சீல் ஒழுகினால்கூட எக்ஸல் முழுக்க நனைந்துதான் தெரியும். அதனால் பின் எக்ஸலை டீகிரீசர் போட்டுக் கழுவி, காய வைத்து, சந்தேகப்பட்ட இடங்களில் முகப்பவுடரைத் தூவினேன். பட்டறைச் சுற்றில் மெதுவாக ஓட்டிவிட்டுப் பார்த்தால், பினியன் பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. பின்மூடியின் கேஸ்கெட் ஓரமும் அப்படியே. இடது சக்கரத்தின் பேக் பிளேட்டில் மட்டும் அடிப்பகுதியில் பவுடர் நனைந்து கறுத்திருந்தது. விளிம்பின் உள்பக்கத்திலும் மையத்திலிருந்து வெளியே சிதறிய கோடுகள். டிரம்முக்குள்ளிருந்து வரும் எண்ணெய் சக்கரம் சுற்றும் வேகத்தில் இப்படித்தான் கோடு போடும்.

பட்டறைச் சுற்றில் ஓட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வளைத்தால் வண்டி முரண்டு பிடித்தது. முன் டயர் சிமெண்டுத் தரையில் கீச்சென்று இழுத்தது. இதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அடைப்பானைத் திறந்தபோது

எண்ணெய் மட்டம் பார்ப்பதைப் பலர் வண்டி ஆறிய பிறகு செய்வார்கள். வழக்கமாக அதுதான் சரி. இங்கே எனக்குச் சூட்டோடு திறந்து பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் கிராணியைத் தோட்டத்திலிருந்து நேராகப் பட்டறைக்கு வரச் சொன்னேன். வந்ததும் வெப்பமானியைப் பின் டிஃபரன்ஷியல் கூட்டின் மேல் காட்டினால் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றது. துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, எண்ணெய் ஊற்றும் அடைப்பானை மெல்லத் தளர்த்தினேன். இழை கடைசிச் சுற்றுக்கு வரும்போது புஸ்ஸென்று காற்று பீறிட்டது. கூடவே எண்ணெய் நுரைத்து வழிந்தது, தே தாரேக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில்.

ஆரோக்கியமான டிஃபரன்ஷியலில் அந்தப் புஸ் சத்தம் வரவே கூடாது. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். அது போய் வர எக்ஸலின் மேல்பக்கம் பிரீதர் என்ற ஒரு சின்ன காற்றுத் துவாரம் இருக்கும். நெல்லிக்காய் அளவுகூட இல்லாத இரும்புத் தொப்பி. அது அடைத்துக்கொண்டால் கூடு மூடிய பாத்திரமாகிவிடும். கணக்கு எளிது. 30 டிகிரியில் மூடிய காற்று 80 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடும். அதாவது 2.4 பிஎஸ்ஐ அளவு. டயரில் அடிக்கும் 30 பிஎஸ்ஐயோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஆயில் சீலின் வேலை தெறிக்கும் எண்ணெயைத் தடுப்பது. அழுத்தத்தைக் கட்டி வைப்பது அதன் வேலை இல்லை. உள்ளே அழுத்தம் ஏறினால் சீலின் ரப்பர் உதடு எக்ஸல் தண்டின் மேல் இறுக அமுங்கும். அமுங்கினால் சூடு, சூட்டில் ரப்பர் கெட்டியாகும், உதடும் தேயும், தண்டிலும் பள்ளம் விழும். அதன் பிறகு எண்ணெய் தாராளமாக வெளியேறும்.

இது பாதிதான். மீதிப் பாதி அந்தத் தண்ணீர்ப் பள்ளத்தில் நடக்கிறது. 80 டிகிரியில் இருக்கும் எக்ஸல் திடீரென்று தண்ணீரில் அமிழ்ந்தால் உள்ளே காற்று சுருங்கி உறிஞ்சும். பிரீதர் வழி அடைபட்டிருந்தால் எங்கே லேசாக இடம் இருக்கிறதோ அங்கிருந்து இழுக்கும். சீல் உதடு உள்ளிருந்து வரும் எண்ணெயைத் தடுக்கும் திசையில்தான் அமைந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் தண்ணீருக்கு அது எழும்பி வழி விட்டுவிடும். டிரம்முக்குள் புகுந்த செம்மண் தண்ணீர் அப்படித்தான் உதட்டுக்கு அடியில் போனது. அதோடு போன மணல் உதட்டை அரைத்தது. எண்ணெயோடு கலந்த தண்ணீர் தே தாரேக் ஆனது. வெயில் காலத்தில் அழுத்தம் மட்டும் இருக்கும், சீல் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும். மழை வந்தால் இரண்டு பக்கமும் அடி. கிராணி சொன்னதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

பிரீதரைக் கழற்றி எடுத்தேன். மேலே எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து செங்கல்லாக இறுகிக் கிடந்தது. தொப்பியைத் திருப்பினால் அசையவில்லை. அடியில் குழாய் வைத்து வாயால் ஊதினேன், துளிக் காற்று போகவில்லை. சீல் மாற்றிய இரண்டு முறையும் இதை யாரும் தொட்டதற்கான அடையாளமே இல்லை. தொப்பியைச் சுற்றிய மண் படிவு கலையாமல் அடுக்கடுக்காக இருந்தது.

ஏன் அவ்வளவு சூடு

சுமை ஏற்றாத கெம்பாராவின் பின் டிஃபரன்ஷியல் அந்தத் தூரத்துக்கு அவ்வளவு சூடாவது எனக்கு உறுத்தியது. வளைவில் முரண்டு பிடித்ததை இங்கே கொண்டுவந்து பொருத்தினேன். நடு டிஃபரன்ஷியல் பூட்டியபடியே இருக்கிறதா? பொத்தானை அமுக்கிப் பார்த்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை, மறுபடி அமுக்கினாலும் எரியவில்லை. பல்பு போயிருந்தது. பொத்தான் பூட்டிய நிலையில். கிராணி சேற்றில் ஒருமுறை அமுக்கியிருக்கிறார், விளக்கு எரியாததால் வேலை செய்யவில்லை என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்.

வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். நடு டிஃபரன்ஷியல் திறந்திருந்தால் அந்த வித்தியாசத்தை அது வாங்கிக்கொள்ளும். பூட்டியிருந்தால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். சேற்றிலும் மண்ணிலும் டயர் வழுக்கி அந்த முறுக்கைக் கழித்துவிடும். தார்ச்சாலையில் டயர் வழுக்காது. முறுக்கு முழுவதும் கியர் பற்களின் மேல், தண்டுகளின் மேல் ஏறும். அது சூடாக மாறும். பூட்டை எடுத்துவிட்டு வளைத்துப் பார்த்தேன், வண்டி பூனை மாதிரி திரும்பியது. நான்கு டயரும் ஒரே அளவுதானா என்றும் பார்த்துவிட்டேன். ஒரே அளவுதான், தேய்மானமும் ஏறக்குறைய சமம்.

பிரித்தது, போட்டது

ஜாக் வைப்பதற்கு முன் ஒரு விஷயம். இந்த மாதிரி எந்நேரமும் நான்கு சக்கரம் ஓடும் வண்டியில், கியரில் போட்டுவிட்டால் நகராது என்று நம்பக் கூடாது. நடு டிஃபரன்ஷியல் திறந்திருக்கும்போது ஒரு சக்கரத்தைத் தூக்கினால் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், மற்ற மூன்றையும் கியர் பிடித்து வைக்காது. ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். அதில் ஒன்று அந்தரத்தில், ஒன்று தரையில். எண்ணெய் குடித்த பிரேக்கை நம்பி வண்டிக்கு அடியில் போக முடியுமா? முன்சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை அடித்து, ஸ்டாண்டில் நிறுத்தி, அப்புறம்தான் கை வைத்தேன். வீட்டில் செய்பவர்களுக்கும் இதையே சொல்வேன், கெஞ்சிச் சொல்வேன்.

எண்ணெயை வடிக்கும்போது முதலில் மேலே உள்ள அடைப்பான் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் வண்டியை நகர்த்தவே முடியாது. இங்கே ஏற்கெனவே திறந்தாகிவிட்டது. வடிந்த எண்ணெய் முழுக்கப் பால் கலந்த நிறம், முதலில் கொஞ்சம் தனித் தண்ணீராகவே வந்தது. அடைப்பானின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தது, துண்டு எதுவும் இல்லை. அது நல்ல செய்தி. பற்கள் பிழைத்துக்கொண்டன.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்க் குளம். பிரேக் ஷூ இரண்டும் ஊறிக் கறுத்திருந்தன. சிலர் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடி போடுவார்கள். நான் செய்வதில்லை. ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் ஊறிவிட்டால் அதிலிருந்து சூடேறும்போதெல்லாம் எண்ணெய் மேலே வந்துகொண்டே இருக்கும். ஷூ மாற்றினால் இடது, வலது இரண்டுமே மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்து வழித்தெடுத்தேன். வீல் சிலிண்டரின் ரப்பர் உறை உப்பிப் போயிருந்தது. பிரேக் ஆயிலுக்காகச் செய்த ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் ஊதிவிடும். இப்போது ஒழுகவில்லை என்பதற்காக அதை விட்டால் அடுத்து அதுதான் ஒழுகும். சிலிண்டரையும் மாற்றினேன்.

எக்ஸல் தண்டை வெளியே இழுக்கும் முன் அதை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். கைக்கு ஆட்டம் தெரிந்தது. பேரிங்குக்குள் தண்ணீர் போய்க் கிரீஸ் கழுவப்பட்டிருந்தது. விரலால் சுற்றினால் நறநறத்தது. ஆடும் தண்டின் மேல் எந்தச் சீலும் நிலைக்காது, உதடு அதன் ஆட்டத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. முதல் முறையே பேரிங் கெட்டிருந்ததா, பிறகு கெட்டதா என்பது முக்கியமில்லை. இப்போது கெட்டிருக்கிறது, மாற்ற வேண்டும். பேரிங்கைத் தண்டில் பிடித்து வைத்திருக்கும் வளையத்தைத் துளையிட்டு உளியால் வெடிக்க வைத்துத்தான் எடுத்தேன். பழைய வளையத்தை மறுபடி போடவே கூடாது. சக்கரத்தோடு தண்டு கழன்று வெளியே வராமல் காப்பது அந்த இறுக்கம் ஒன்றுதான். புதிய பேரிங்கையும் புதிய வளையத்தையும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றினேன். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற வேலை இல்லை இது.

சீல் ஓடிய இடத்தில் தண்டின் மேல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தேன். நகம் லேசாகச் சிக்கியது. பழைய சீலைக் கூட்டுக்குள் ஆழமாக அடித்திருந்தார்கள், இரண்டு முறையும் அதே தடத்தில்தான் உதடு ஓடியிருக்கிறது. புதிய சீலைக் கூட்டின் வாயோடு சமமாக, முன்பைவிட இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினேன். உதடு இப்போது தேயாத பரப்பில் ஓடும். பள்ளம் இன்னும் ஆழமாக இருந்திருந்தால் மெல்லிய எஃகு உறை ஒன்றைத் தண்டின் மேல் ஏற்ற வேண்டியிருக்கும். உதட்டில் கியர் எண்ணெய் தடவாமல் தண்டை நுழைத்தால் முதல் சுற்றிலேயே ரப்பர் கருகும். நுழைக்கும்போது தண்டின் பல்முனை உதட்டில் உரசினாலும் எல்லா வேலையும் வீண். அந்தப் பாரமான தண்டை ஒரு கையால் அடியில் தாங்கிக்கொண்டு, சீலைத் தொடாமல் நேர்கோட்டில் உள்ளே விடுவது பொறுமையான வேலை. அவசரப்படுபவர்கள் சீலைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த நொடியில்தான்.

வலதுபக்கச் சீல் ஒழுகவில்லை. ஆனாலும் அதே அழுத்தத்தையும் அதே தண்ணீரையும்தான் அதுவும் பார்த்திருக்கிறது. கிராணியிடம் சொல்லி அதையும் மாற்றினேன். அந்தப் பக்கப் பேரிங் நன்றாக இருந்தது.

எக்ஸல் குழாய்களில் தங்கிய தண்ணீர் ஒரே வடிப்பில் வராது. மலிவான கியர் எண்ணெயை ஊற்றி, மெதுவாக ஓட்டி, வடித்து, நிறம் தெளியும் வரை திரும்பச் செய்தேன். டீசல் ஊற்றிக் கழுவும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. குழாயில் தங்கும் டீசல் புது எண்ணெயை நீர்க்க வைத்துவிடும். கடைசியாக ஜிஎல்-5 ரக 80டபிள்யூ-90 எண்ணெயைத் துளையின் விளிம்பில் வழியும் வரை நிரப்பினேன், வண்டி சமதளத்தில் நிற்கும்போது. சாய்வில் நிறுத்தி நிரப்பினால் அளவு தவறிவிடும், கூடிப்போனால் அந்தக் கூடுதலும் டிரம் பக்கம்தான் தேடிப் போகும்.

பிரீதரைச் சுத்தம் செய்து அதே இடத்தில் போட்டிருந்தால் அடுத்த மழையில் மறுபடி செங்கல். அதனால் தொப்பிக்குப் பதிலாக ஒரு முனைக்குழாயைப் பொருத்தி, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை அதில் மாட்டி, எக்ஸல் மேலும் கீழும் ஆடுவதற்குத் தாராளமாக இடம் விட்டு, பெட்ரோல் ஊற்றும் வாய்க்குப் பின்னால் உயரமாகக் கட்டினேன். முனையைக் கீழ்நோக்கித் திருப்பி ஒரு சிறு வடிகட்டி. தண்ணீர் அந்த உயரம் வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. முன் டிஃபரன்ஷியல், இழுவிசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டி இரண்டின் எண்ணெயையும் பார்த்தேன், தெளிவாக இருந்தன. அவற்றின் பிரீதர்களையும் ஊதிப் பார்த்துவிட்டு விட்டேன். டாஷ்போர்டு பல்பும் மாறியது.

அதன் பிறகு

வேலை முடிந்ததும் கிராணியைப் பழையபடி தோட்டத்துக்குப் போய்விட்டு நேராக வரச் சொன்னேன். அதே பாதை, அதே சூட்டுச் சோதனை. கூடு வெதுவெதுப்பாக இருந்தது, கையை வைத்து எடுக்க முடிந்தது. அடைப்பானைத் திறந்தபோது சத்தம் இல்லை. நவம்பர் மழையெல்லாம் ஓய்ந்த பிறகு மறுபடி வந்தார். எண்ணெய் தெளிவு. இடது டிரம்முக்குள் காய்ந்த பிரேக் தூசி மட்டும். ஹேண்ட்பிரேக் மேட்டில் பிடித்து நின்றது.

வடித்த எண்ணெயை லோங்கானில் (சாக்கடையில்) ஊற்ற முடியாது. மலேசியாவில் பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிட்ட கழிவு. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். தண்ணீர் கலந்த எண்ணெயைத் தனி டின்னில் வைத்து, பெயர் எழுதி, எடுக்க வருபவர்களிடம் ஒப்படைத்தேன்.

கிராணி சொல்லி அதே தோட்டத்து மண்டோரும் (வேலை மேற்பார்வையாளர்) தன் கெம்பாராவைக் கொண்டுவந்தார். “ஒழுகல அண்ணே, சும்மா பாருங்க” என்றார். பிரீதர் அதேபோல அடைத்திருந்தது. எண்ணெயில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை, தண்டில் ஆட்டம் இல்லை. குழாயை உயர்த்திக் கட்டி அனுப்பிவிட்டேன், சீலைத் தொடவே இல்லை.